ரெண்டு சீட்டும் எட்டு சீட்டும்

எங்கள் வீட்டில் சீட்டு என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. மாதம் பிறந்தால் பெண்கள் கூடுவார்கள். பேர் எழுதிய காகிதத் துண்டுகளைச் சுருட்டிப் பால் டின்னில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பேர் விழுகிறதோ அவர் அந்த மாதத்துப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். அந்தச் சீட்டுதான். ஈஜோக் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்ச் செம்பனை வளர்க்கும் எங்கள் தோட்டத்தில் அதை நடத்தியவர் என் அம்மா. அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணி. சம்பளக் கணக்கு முழுவதும் அவர் கையில் இருந்தும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் அவருக்குப் பயந்ததைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

அம்மா மனித குலத்தைச் சீட்டு போடுகிறவர்கள், போடாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். இரண்டாவது வகையோடு அவருக்குப் பேச்சு இல்லை. முதல் வகையில் உட்பிரிவுகள் உண்டு. முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள், "அக்கா, இந்த மாசம் எனக்குக் குடுத்துருங்க" என்று கண்ணைக் கசக்குகிறவர்கள். தன் பேர் விழுந்த பிறகும், கஷ்டத்தில் இருக்கும் இன்னொருத்திக்கு அதை விட்டுக்கொடுக்கிறவர்கள் என்று மூன்றாவதாக ஒரு ரகம் உலகத்தில் எங்கோ இருப்பதாக அம்மா கேள்விப்பட்டிருந்தார். நேரில் பார்த்ததில்லை.

இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எண்பதுகளின் நடுவில் எனக்கு மாப்பிள்ளை தேடியபோது எங்கள் வீடு தலைகீழாகிப் போனது இந்த ஒரு சொல்லால்தான்.

நான் அப்போது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. 'தற்காலிக' என்ற சொல்லை அப்பா கவனமாக விழுங்கிவிட்டு 'டீச்சர்' என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லுவார். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில், எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். நடுவில் நான். எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. காலையில் சேலை கட்டி, புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும் அந்த நிமிடம் அதைவிடப் பிடித்திருந்தது. கல்யாணம் ஆனால் அது நின்றுவிடுமோ என்பதுதான் என் ஒரே பயம். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். ஆனால் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று பெண்ணிடம் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை.

வரன் கொண்டுவந்தவர் துணி வியாபாரி நானா. தமிழ் முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு உலு யாமிலிருந்து சுங்கை பெசார் வரை எல்லாத் தோட்டத்துக்கும் போகிறவர். எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பையன் இருக்கிறான் என்பது அவருக்குத் துணியின் அளவோடு சேர்ந்தே தெரியும்.

"ரெண்டு எடம் இருக்கு தங்கச்சி," என்றார் அம்மாவிடம், ரவிக்கைத் துணியைக் கிழித்துக்கொண்டே. "ஒண்ணு உலு யாம். பையன் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஆயில் மில்லுல மிஷின் பிட்டரு. அப்பா இல்ல, அம்மா மட்டுந்தான். ரெண்டு சீட்டு வச்சிருக்காப்ல."

அம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தக் காலத்தில் இரண்டு சீட்டு போடுகிற பையனா!

"இன்னொன்னு சுங்கை பெசார். லோரி வச்சு நெல்லு ஏத்துறாங்க. பெரிய குடும்பம். அவங்க வச்சிருக்கிறது எட்டு சீட்டு."

"எட்டா?"

"எட்டு. முழுப் பணமும் கட்டியாச்சு. பாக்கின்னு ஒண்ணும் கெடையாது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரெண்டு சீட்டும் எட்டு சீட்டும்தான் பேச்சு. ரெண்டு சீட்டு போடுகிறவன் அளவறிந்தவன் என்று அம்மா ஒரு நாள் சொல்லுவார். மறுநாள், எட்டு சீட்டு போடுகிற வீட்டில் மாதம் ஒரு சீட்டாவது விழுந்துகொண்டே இருக்குமே என்று கண்கள் மின்னும். "எட்டும் ஒரே ஆளு போட்டா அது சீட்டா, பேங்கா?" என்பார் அப்பா. எனக்கு மட்டும் அந்த எட்டு சீட்டு வீட்டை நினைத்தால் கொஞ்சம் திகிலாக இருந்தது.

முதலில் உலு யாம்காரர்கள் வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு வேன் நிறையவாவது வருவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. விடியும் முன்பே ஒரு அண்டா கேசரி கிளறி, உளுந்து அரைத்து, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வீட்டிலிருந்து நாற்காலிகள் இரவல் வாங்கி வைத்துவிட்டு வடை சுடப் போனார். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார்.

சிவப்பு மண் ரோட்டில் முதலில் சத்தம் மட்டும் வந்தது. புல் வெட்டுகிற மிஷினோ என்று நினைத்தேன். பிறகு ஒரு பச்சை நிறச் சமாச்சாரம் எங்கள் செம்பருத்தி வேலிக்குப் பின்னால் வந்து நின்றது. அது வேலியைவிடக் குட்டையாக இருந்ததால் உள்ளே இருந்தவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. கார்தான். துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டிருந்தார்கள். பின்சீட்டு இல்லை. பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்திலேயே கார் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் மாப்பிள்ளை இறங்கினார். இன்னொரு பக்கம் அவருடைய அம்மா இறங்க ஆரம்பித்தார். முதலில் ஒரு கால் வந்தது, பிறகு ஒரு கை, பிறகு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மீதி வந்தது. காற்றுக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ பஸ்ஸிலிருந்து இறங்கியவர்போல நிதானமாக நடந்து வந்தார்.

அப்பா கும்பிட்டார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"மத்தவங்க பின்னால வர்றாங்களா?"

"இல்ல சார். நாங்க ரெண்டு பேருதான்," என்றார் மாப்பிள்ளை.

அப்பா உள்ளே வந்த பிறகும் ஜன்னல் வழியாக இரண்டு தடவை ரோட்டை எட்டிப் பார்த்தார். இரவல் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகக் காத்திருந்தன.

அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். தலை குனிந்திருந்ததால் மாப்பிள்ளையின் கைகள்தான் தெரிந்தன. நன்றாகத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. அம்மா வடைத் தட்டோடு வந்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டு சீட்டுன்னு நானா சொன்னாரு. ரெண்டும் நல்லபடியா இருக்குதுங்களா?"

"மகனோடது நல்லா இருக்குது. என்னோடதுதான் கிழிஞ்சிருச்சு," என்றார் அவர், வடையைப் பிட்டுக்கொண்டே.

அம்மா பதறினார். "ஐயோ! கிழிஞ்சிருச்சா? நடத்துனவ ஓடிட்டாளா?"

"நடத்துறதா? மகன்தாங்க ஓட்டுறான்."

"மகனே நடத்துறாரா! அப்புறம் எப்படிக் கிழிஞ்சிச்சு?"

"பழசுதானங்க. உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு வெளிய வந்து குத்துது. சரி பண்ணுடா சரி பண்ணுடான்னா எங்க கேக்குறான்."

ஸ்பிரிங் வைத்த சீட்டை அம்மா அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் விடவில்லை. ஏமாந்த ஒரு பெண்ணுக்கு வழி காட்டுகிற குரலில், "பேசாம எடுத்துருங்க. கெடைச்ச வரைக்கும் லாபம்னு எடுத்துட்டு வெளிய வந்துருங்க," என்றார்.

அவர் வடையைக் கீழே வைத்தார். "சீட்ட எடுத்துட்டா நான் எங்கம்மா உக்கார்றது?"

அப்பா விரலை நீட்டி ஜன்னலைக் காட்டினார். அம்மா எழுந்து போய் வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் அம்மா சிரிக்கவில்லை. அவர் மனதில் இரண்டு சீட்டு கவிழ்ந்த கையோடு, சுங்கை பெசாரின் எட்டு சீட்டும் சேர்ந்து கவிழ்ந்துகொண்டிருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக அப்பா மாப்பிள்ளையிடம், "எதுக்குத் தம்பி இந்த மாதிரி வண்டி?" என்றார்.

"வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது சார். ஸ்டோருக்குப் பின்னால கோழி அடைஞ்சு கெடந்துச்சு. பாத்தா பாவமா இருந்துச்சு."

தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த அப்பா, மேனேஜரின் பொருளைப் பார்த்துப் பாவப்பட்ட ஓர் ஆளை அன்றுதான் பார்த்தார். எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கார்மேல் பாவப்படுகிறவர் ஆள்மேலும் படலாம் இல்லையா? ஆனால் அண்டா கேசரிக்கு முன்னால் அதையெல்லாம் யார் கேட்பது. "சொல்லி அனுப்புறோம்," என்றார் அப்பா. அவர்கள் போன பிறகு லயம் முழுக்கக் கேசரி தின்றது.

சீட்டு என்றால் காரின் இருக்கை என்று தெரிந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சொல்லின் பொருள்தான் மாறியது. ரெண்டா எட்டா என்ற வழக்கு அப்படியேதான் நடந்தது. நேற்றுவரை சீட்டை வைத்து மாப்பிள்ளையை எடை போட்டவர்கள் இன்று காரை வைத்துப் போட்டார்கள்.

நானாவிடம் விசாரித்ததில், சுங்கை பெசார்காரர்களுடையது நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி என்று தெரிந்தது. முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் பெஞ்சு போட்டு மூன்று பேர். உயரமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் நாங்கள் அப்போது ஜீப்பு என்றுதான் பேர் வைத்திருந்தோம். இப்போது அதற்கு எஸ்யூவி என்று பேர். நான் இப்போது குடியிருக்கும் தாமான் வீட்டு வரிசையில் வீட்டுக்கு வீடு நிற்கிறது. எட்டுப் பேர் போகிற வண்டியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து தெருமுனைக்கு ரொட்டி வாங்கப் போய் வருகிறார்.

அப்பா ஜீப்பு கட்சி. "வெள்ளம் வந்தா அந்தச் சின்ன வண்டி மெதக்கும். ஜீப்பு போய்க்கிட்டே இருக்கும்," என்பார். கோலசிலாங்கூர் ரோட்டில் வெள்ளம் வந்தால் அப்பா ஆபீசுக்கே போகமாட்டார். ஆனாலும் மருமகன் வெள்ளத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மாவுக்கு ஜீப்பின் உயரம் பிடித்திருந்தது. சின்னக் காரில் ஏறுவது சாக்கடைக்குள் இறங்குவதுபோல இருக்கிறது, குடும்பப் பெண் ஏறினால் வண்டி மேலே ஏற வேண்டும் என்பது அவர் வாதம். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் எட்டுப் பேருக்கும் யார் சமைப்பது என்று நான் கேட்டேன். எட்டு சீட்டு வாங்குகிறவர்கள் சமைக்க ஆள் வைக்கமாட்டார்களா என்றார் அம்மா.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் தம் கருத்தைச் சொன்னார்: சின்ன வண்டிக்குப் பெட்ரோல் கம்மி, ஆனால் மரியாதையும் கம்மி. மண்டோர் அப்பாவைப் பார்க்க வந்த சாக்கில், "ரெண்டு சீட்டு எப்படிங்க கிராணியாரே சரிப்படும்? புள்ள பொறந்தா டேஷ்போர்டுலயா வப்பாங்க லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறக்காத பிள்ளைக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று ஒரு தோட்டமே கவலைப்பட்டது. பிறந்து வளர்ந்து எதிரில் நிற்கிற எனக்கு இடம் இருக்கிறதா என்று யாரும் கவலைப்படவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அந்த வாரம் பாவம், வாய்ப்பாட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை எழுதினார்கள்.

ஜீப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காலையிலிருந்து வாசலிலேயே இருந்தார். வண்டி உண்மையிலேயே கம்பீரமாகத்தான் வந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு அது கொஞ்சம் அகலம். திருப்ப முடியாமல் பின்னால் வந்து, செம்பருத்தி வேலியின் மேல் ஏறி, அதைப் படுக்க வைத்துவிட்டு நின்றது. அந்த வேலியை அப்பா சனிக்கிழமை தவறாமல் கத்தரிக்கோலால் மட்டம் தட்டுவார். சாமிக்கு ஒரு பூ பறித்தாலும், "எந்தப் பக்கம் பறிச்ச?" என்று அம்மாவிடம் விசாரணை வைப்பார்.

"பரவால்லிங்க, பரவால்லிங்க," என்று ஓடினார் அப்பா. "எப்படியும் வெட்டணும்னுதான் இருந்தேன்."

அவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். முன்னாலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அண்ணனும், நடுவிலிருந்து அம்மாவும், ஒரு பெரிய பையனும், மாப்பிள்ளையும். பின்கதவைத் திறந்ததும் இரண்டு சின்னப் பிள்ளைகள் உருண்டு வந்தார்கள். கடைசியாக அண்ணனின் மனைவி. பட்டுச்சேலை கசங்கி, தலையில் ரோட்டுப் புழுதி செம்பட்டையாகப் படிந்திருந்தது. ஒரு பிள்ளை வழியிலேயே அவர்மேல் வாந்தி எடுத்திருந்தது.

அவர் பிள்ளையைக் கழுவ நேராக அடுப்படிக்கு வந்தார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்து வந்தால் எல்லோருக்கும் தலை சுற்றும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "டீச்சராமே?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"நானும் வேலைக்குப் போனவதான், ஒரு லாயர் ஆபீசுல கிளார்க்கா. இந்த வண்டி வந்த அப்புறம் நின்னுட்டேன்."

"வண்டிக்கும் வேலைக்கும் என்னக்கா?"

"எங்க வீட்டுல எங்க போனாலும் எட்டுப் பேரும் ஒண்ணாத்தான் போவோம். நான் வேலைக்குப் போனா, வண்டி எனக்காகக் காத்துக்கிட்டுல்ல இருக்கணும்?" சாதாரணமாகத்தான் சொன்னார். குறை சொல்கிற தொனியே இல்லை.

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு நான் முன்னறைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க குடும்பம் அப்படித்தாங்க. எட்டுப் பேரு, எட்டு சீட்டு. ஒண்ணு கூடக் காலியில்ல."

அப்பா பரவசமாகத் தலையாட்டினார். அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அப்ப எனக்கு எங்க எடம்?"

பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பாடச் சொன்னால் பாடலாம். கேள்வி கேட்கக்கூடாது. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சுதாரித்தார். "அதுக்கென்னம்மா, ஒரு புள்ளைய மடியில வச்சுக்கிட்டா பின்னாடி பெஞ்சுல தாராளமா உக்காரலாம்."

"காலையில பள்ளிக்கூடத்துக்குப் போகணுமே?"

மாப்பிள்ளையின் அப்பா பெரிதாகச் சிரித்தார். "பள்ளிக்கூடமா? அவ்ளோ பெரிய வண்டிய ஒரு ஆளுக்காக ஸ்டார்ட் பண்ண முடியுமாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை இன்னொரு வடை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். அடுப்படி வாசலில் பிள்ளையோடு நின்ற அண்ணி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் நானா மூலமாக வந்தது. "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமாம் தங்கச்சி." அம்மா அழுதார். அப்பா என்னோடு பேசவில்லை. குச்சிகள் நட்டு, கயிறு கட்டி, விழுந்த செம்பருத்திகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். பாதி பிழைக்கவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இனி யாரும் வரமாட்டார்கள், இந்த வீட்டிலேயே வாய் நீளமானவள் என்ற பேரோடு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நானா துணியை மட்டும் சுமக்கிறவர் இல்லை. ஈஜோக்கில் நடந்ததை உலு யாமில் அவிழ்த்து விரித்துவிட்டார். ரெண்டு ஞாயிறு கழித்து அதே புல் வெட்டும் சத்தம் கேட்டது. பச்சைக் கார் பாதி வேலிக்குப் பின்னால் வந்து நின்றது. மாப்பிள்ளை மட்டும் இறங்கினார். பக்கத்து சீட்டில் யாருமில்லை.

"அம்மா வரலையா தம்பி?" என்றார் அப்பா.

"பஸ்ல வர்றாங்க சார்."

"பஸ்லயா? வண்டிலதான் எடம் இருக்கே!"

மாப்பிள்ளை பின்கழுத்தைச் சொறிந்தார். "அம்மா ஏற மாட்டேன்னுட்டாங்க. சீட்டு காலியா வந்து நிக்கணும்னு சொல்லிட்டாங்க."

உலு யாமிலிருந்து ராவாங் வந்து, பஸ் மாறி, ஈஜோக் முனையில் இறங்கினால், அங்கிருந்து தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. அப்பா சங்கடப்பட்டு, "முனைக்காவது போய்க் கூட்டிட்டு வாங்க," என்றார். "திட்டுவாங்க சார்," என்று மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எல்லோரும் ஜன்னல் வழியாக அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காய் அதிகமான மாதம். ஞாயிற்றுக்கிழமையும் செம்பனைக் காய் ஏற்றுகிற லோரி ஓடியது. அது எங்கள் வீட்டுக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படிப்படியாக இறங்கினார். அப்பா கொண்டாடிய ஜீப்பை இரண்டு அடுக்கினாலும் அந்த லோரியின் உயரம் வராது.

அவர் உள்ளே வந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒரு கேள்வி கேட்டியாமே? நானா சொன்னாரு. அவங்கள மட்டுந்தான் கேட்டியா, எங்களையும் சேத்தா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். "சேத்துதாங்க," என்றேன்.

"அப்படித்தான் நெனச்சேன். அந்த வண்டி ஓட ஆரம்பிச்ச நாளுலேர்ந்து அந்த எடம் என்னோடது. கோயிலு, கிளினிக்கு, பசாரு, எல்லாத்துக்கும் அதுலதான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ரொம்பப் புடிக்கும்." வெளியே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எம் மகன் மில்லுக்குப் போறவன். காலையில ஒன்ன பள்ளிக்கூடத்துல எறக்கி விட்டுட்டுப் போவான். கொஞ்சம் சுத்துதான், பரவால்ல. எனக்கு பஸ்ஸு இருக்கு. இனிமே அந்தச் சீட்டு ஒனக்கு விழுந்துருச்சு லா."

என் அம்மா நிமிர்ந்தார். சீட்டு யாருக்கு விழுகிறது என்பது அவருடைய துறை. அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மாப்பிள்ளையின் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். தன் பேர் விழுந்த சீட்டை, ஆசையிருந்தும், இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கிற அந்த மூன்றாவது ரகம் நாங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்காத இரவல் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அப்பா வழக்கம்போல, "யோசிச்சுச் சொல்லி..." என்று ஆரம்பித்தார்.

"என்னத்த யோசிக்கிறது?" என்றார் அம்மா. "இத்தன வருசமா சீட்டு நடத்துறேன். தன் சீட்ட விட்டுக் குடுத்த பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன். நாள் பாருங்க."

அப்பா எழுந்து போய்க் காலண்டரை எடுத்தார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது என்பார்களே, அது உண்மையில் நடக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணம் ஈஜோக் கோயிலில் நடந்தது. உலு யாமுக்குப் போக உறவுக்காரர்களுக்கு ஒரு பஸ் பிடித்திருந்தார்கள். நானும் அவரும் பச்சைக் காரில். மாலையும் பட்டுமாக அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவது அம்மா சொன்னதுபோலச் சாக்கடைக்குள் இறங்குவதாகத்தான் இருந்தது. உட்காரும் முன் ஸ்பிரிங் ஞாபகம் வந்து, கையால் தடவிப் பார்த்தேன். குத்தவில்லை. கிழிசலும் இல்லை. புதிய கறுப்பு ரெக்சின், நெருக்கமான தையல், ஓரத்தில் வெள்ளைக் கரை கூட வைத்திருந்தார்.

மாமியார் குனிந்து, என் சேலை முந்தானை கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டார். நான் தையலைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நான் எத்தன வருசமாச் சொன்னேன்," என்றார் சிரித்துக்கொண்டே. "ஒனக்குன்னதும் ஒரே நாள்ல தச்சுட்டான்."

கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். என் கணவர் ரோட்டை மிகவும் கவனமாகப் பார்த்தபடி வண்டியைக் கிளப்பினார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு அந்தச் சீட்டு அவ்வளவு மெத்தென்று இருந்தது, அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். துணிக்கூரையின் பின்னால் தைத்திருந்த மங்கலான பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக பஸ் தெரிந்தது. அதற்குள் எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என் மாமியார் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தார்.